ஜெபித்தும் நடக்கவில்லை என்றால்?

தேர்வு வாரம் நெருங்கிவிட்டால் நம் விடுதிகளில் பக்தி பெருகிவிடும். இது யாவரும் அறிந்ததே. பேனாவைக் கோயிலில் வைத்து எடுத்து வரும் தோழி ஒருத்தி, நெற்றி நிறையத் திருநீற்றோடு தேர்வு மண்டபத்திற்கு வரும் தோழன் ஒருவன், பையில் ஜெபமாலையோடு நான். முடிவு வெளியாகும் நாள்வரை கடவுளுக்கும் நமக்கும் உள்ள உறவு மிகவும் நெருக்கமானது. அதன்பின் அடுத்த பருவம்வரை அவருக்கும் ஓய்வு, நமக்கும் ஓய்வு. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. இக்கட்டு வரும்போது மனிதன் தன்னைவிடப் பெரிய ஒன்றை நோக்கிக் கை நீட்டுகிறான். அப்படி நீட்டாத ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

நான் காம்பாரில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கத் தமிழ்ப்பெண். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் காலைச் சபைகூடலில் தேவாரம் பாடியவள். ஞாயிறு வகுப்பில் கற்ற பாடல்களைவிடத் தேவாரம்தான் இன்றும் எனக்குப் பிசகாமல் வரும். இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகு மலாயில் ‘டோவா’ ஓதப்படும்போது சக மாணவியர் கைகளை ஏந்துவர். நான் தலையைக் குனிந்து மரியன்னையிடம் என் பங்குக்கு எதையாவது சொல்லிக்கொள்வேன். ஆகவே, ஜெபம் என்பது எனக்கு ஒரு மதத்தின் தனிச்சொத்தாகத் தெரிந்ததே இல்லை. ஆயினும், இக்கட்டுரையில் என் சமயத்தைப் பற்றியே பேசப் போகிறேன். பிறர் வீட்டுக் கூரையைப் பற்றிப் பேசுவதைவிட நம் வீட்டு ஒழுக்கைப் பார்ப்பதே முறை.

என் கேள்வி இதுதான். ஒருவர் துன்பத்தில் உருகி ஜெபிக்கிறார். கேட்டது நடக்கவில்லை. அவரிடம் நாம் என்ன சொல்கிறோம்?

நம் மலேசியத் தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே இதற்கு ஓர் ஆயத்தப் பதில் உலவுகிறது. “உங்களுக்கு விசுவாசம் போதவில்லை.” சில இடங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், “அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது” என்பார்கள். நோயாளியின் கட்டிலருகே நின்றுகொண்டு, கையில் ஆரஞ்சுப் பழப் பையோடு, இதைச் சொல்லிவிட்டுப் போகிறவர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால், அந்தச் சொல் கெட்ட சொல்.

எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, நீண்ட காலமாக நீரிழிவு. இதில் அவர் தனியாளும் அல்லர். 2019ஆம் ஆண்டு நாடளாவிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களை மட்டும் பார்த்தால் ஏறத்தாழ 31 விழுக்காடு. மூன்றில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட! நம் வீட்டு விருந்துகளில் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசாத மேசை உண்டா என்று எண்ணிப் பாருங்கள். அத்தை நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார். அரசாங்க மருத்துவமனையில் ஒரு வெள்ளி கட்டிப் பதிந்து, காலை முழுவதும் காத்திருந்து, மருந்து வாங்கி வருவார்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, தெரிந்தவர் ஒருவர் அழைத்தார் என்று கடைவரிசை மேல்மாடி ஒன்றில் நடந்த சுகமளிக்கும் கூட்டத்திற்குப் போனார். வெளியூரிலிருந்து வந்த போதகர் ஒருவர், குணமாகிவிட்டோம் என்று நம்புகிறவர்கள் தங்கள் மருந்துகளை மேடையில் கொண்டுவந்து வைத்து அதைச் சாட்சியாக அறிவிக்கும்படி கேட்டார். அத்தை தம் இன்சுலினை வைத்துவிட்டு வந்தார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் தடுப்போம் என்று அவருக்குத் தெரியும். காலில் செருப்புக் கடித்த சிறு புண். அது ஆறவில்லை. காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியபோது, வலக்காலின் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

விரல்கள் போனதைவிட அத்தையை உடைத்தது அதன்பின் வந்தது. கூட்டத்தில் அறிமுகமான இருவர் பார்க்க வந்தனர். சந்தேகப்பட்டதால்தான் சுகம் நிலைக்கவில்லை என்று விளக்கினர். அத்தை வாய் திறக்கவில்லை. அவர்கள் போன பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அந்த அறையில் இருந்தேன். புண்ணுக்கு மருந்து உண்டு. ‘உன்னால்தான்’ என்ற சொல்லுக்கு எந்த மருந்தகத்தில் மருந்து வாங்குவது?

“சாமிகிட்ட கேக்கறதுக்கும் ஊசி போடறதுக்கும் என்னக்கா சண்டை?” என்று அம்மா கேட்டார். அத்தை அதற்கும் பதில் சொல்லவில்லை. அம்மாவின் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில், ‘விசுவாசம் போதவில்லை’ என்ற அந்தப் பதிலை நம் பேராக்கிலேயே நடந்த ஒரு வரலாற்றின் முன் நிறுத்திப் பார்ப்போம்.

1941 டிசம்பர் இறுதியில் ஜப்பானியப் படை தெற்கு நோக்கி வந்தபோது, டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை எங்கள் காம்பார்க் குன்றுகளில் கடும் சண்டை நடந்தது. அதற்கு முன்பே குண்டுவீச்சுக்கு அஞ்சி ஈப்போவிலிருந்து பப்பான் என்ற சிறு ஈயப்பட்டணத்திற்குக் குடிபெயர்ந்தவர்களுள் சிபில் கார்த்திகேசுவும் ஒருவர். யுரேசியப் பெண்மணி, பயிற்சி பெற்ற தாதி, மருத்துவச்சி, பக்தியுள்ள கத்தோலிக்கர். கணவர் டாக்டர் ஏ.சி. கார்த்திகேசு தைப்பிங்கில் பிறந்த இலங்கைத் தமிழர், திருமணத்திற்காகக் கத்தோலிக்கரானவர். பப்பானில், 74ஆம் எண் கடைவீட்டில், இவர்கள் ஏழை மக்களுக்கு மருத்துவம் பார்த்தனர். காயமுற்று இரவில் வந்த ஜப்பானிய எதிர்ப்புப் படை வீரர்களுக்கும் இரகசியமாகச் சிகிச்சை அளித்தனர். மறைத்து வைத்திருந்த வானொலியில் பி.பி.சி. செய்தி கேட்டு மக்களுக்குச் சொன்னார் சிபில். பிடிபட்டால் என்னவாகும் என்பது அவருக்குத் தெரியாததன்று.

1943இல் இருவரும் கைதாயினர். சிபிலுக்கு நடந்த சித்திரவதையை விரித்து எழுத எனக்கு மனமில்லை. நகங்கள் பிடுங்கப்பட்டன, முதுகெலும்பு சிதைந்து நடக்க முடியாமல் போனது, தாடையில் பூட்சுக்கால் உதை விழுந்தது. கடைசியில் அவருடைய சின்ன மகள் டோனை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, பேசாவிட்டால் நெருப்பிடுவோம் என்று மிரட்டினர். அப்போதும் அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. பிள்ளை தப்பியது. சிபிலுக்கு ஆயுள் தண்டனை. பத்து காஜா சிறை. 1945இல் ஜப்பான் சரணடைந்த பிறகே விடுதலை. சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஜார்ஜ் பதக்கம் அளிக்கப்பட்டது. ஆனால், தாடையில் பட்ட அந்தப் பழைய காயமே நஞ்சாகி, 1948 ஜூன் 12ஆம் நாள் ஸ்காட்லாந்தில் அவர் உயிரைக் குடித்தது. வயது 48. மறு ஆண்டில் உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டுப் புனித மைக்கேல் தேவாலயத்தை ஒட்டிய கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. 1954இல் அவருடைய நினைவுக் குறிப்புகள் ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்ற பெயரில் நூலாக வெளிவந்தன.

அந்நூலை வாசித்தால் அவர் இடைவிடாது ஜெபித்தவர் என்பது விளங்கும். இப்பொழுது அந்த ஆயத்தப் பதிலைச் சொல்லிப் பாருங்கள். “சிபில் அம்மையாருக்கு விசுவாசம் போதவில்லை, ஆகையால்தான் குணமாகவில்லை.” சொல்ல நா எழுகிறதா? அவர் ஜெபம் கேட்கப்படவில்லை என்று நான் நினைக்கவில்லை. வலி தீரவில்லை, சிறைக்கதவு அன்றே திறக்கவில்லை, ஆனால், எந்தப் பெயரையும் சொல்லாமல் இருக்கும் வலு அவரிடம் இருந்தது. அந்த வலு எங்கிருந்து வந்தது என்று அவரைக் கேட்டால் ஜெபத்தைத்தான் காட்டியிருப்பார். நம்பாதவர் அதை மனவுறுதி என்று அழைக்கலாம். அதில் எனக்கு வழக்கில்லை. அவர் பேசாததால் பிழைத்தவர்களுக்கு அது எந்தப் பெயராக இருந்தால் என்ன?

இடையில் ஒன்று. சிபிலின் பெயரில் ஈப்போவில் ஒரு சாலை இருக்கிறது. 2016இல் அவருடைய பிறந்தநாளில் கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வரைந்தது. அவ்வளவு இருந்தும் எங்கள் வட்டாரத்தில் என்னோடு படித்த பலருக்கு அவரைத் தெரியாது. பப்பான் எங்களுக்கு எட்டாத தூரமும் அன்று.

வேதாகமத்திலும் இதே பாடம்தான் இருக்கிறது. கெத்சமனித் தோட்டத்தில் இயேசு, தமக்கு வரவிருக்கும் துன்பம் நீங்க வேண்டும் என்று கேட்டார். அது நீங்கவில்லை. உடலில் தைத்த முள் போன்ற ஒரு வேதனையை எடுத்துவிடும்படி பவுல் மூன்று முறை மன்றாடினார். எடுக்கப்படவில்லை. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம், இவனதா, பெற்றோரதா என்று கேட்டபோது, இருவரதும் இல்லை என்று இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். யோபுவின் கதை தெரியாத கிறிஸ்தவர் இரார். பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து உடலெல்லாம் புண்ணாகிக் கிடந்தவரைக் காண நண்பர்கள் மூவர் வந்தனர். ஏழு நாள் ஏழு இரவு, ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். பிறகு வாயைத் திறந்து, நீ ஏதோ தவறு செய்திருக்கிறாய் என்று நிறுவத் தொடங்கினர். கதையின் முடிவில் கடவுள் கோபித்துக்கொள்வது யோபுவிடம் அன்று, அந்த நண்பர்களிடம். இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும் நோயாளியின் கட்டிலருகே நாம் அந்த நண்பர்களின் வசனத்தையே பேசுகிறோம்!

2004 டிசம்பர் 26ஆம் நாளையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணி பக்தர்களால் நிறைந்திருந்தது. ஆழிப்பேரலை வந்தபோது பேராலயத்தினுள் இருந்தோர் தப்பினர். கடற்கரையிலும் கடைத்தெருவிலும் இருந்த நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். நம் நாட்டில், பெரும்பாலும் பினாங்கில், 68 பேர் இறந்ததும் அதே அலையில்தான். கோயிலுக்குள் நீர் புகாததைப் புதுமை என்று இன்றும் பலர் சாட்சி சொல்கின்றனர். தப்பியவர் நன்றி சொல்வதில் குறையில்லை. நானாக இருந்தாலும் சொல்வேன். ஆனால், கடற்கரையில் நின்றவர்களும் அதே மாதாவைத் தேடி வந்தவர்கள்தாம். காலையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் பிள்ளைகளுக்குக் கடல் காட்டப் போனவர்கள் அவர்களில் இல்லாமலா இருந்திருப்பார்கள்? நம் சாட்சியை அந்தத் தாய்மாரின் காதில் விழுந்தாலும் கூசாத வகையில் சொல்ல முடிகிறதா என்பதே என் அளவுகோல்.

சரி, அத்தையைப் போன்றவர்கள் ஏன் அத்தகைய கூட்டங்களை நாடிப் போகிறார்கள்? படிக்காதவர்கள், ஏமாளிகள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இதற்குப் பாட்டியிடம் வேறு விடை இருக்கிறது.

பாட்டி ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி, அங்கேயே பிள்ளை பெற்றவர். அவருடைய அப்பாவை 1943இல் சயாமுக்கு, மரண ரயில் பாதை வேலைக்கு, கொண்டுபோனார்கள். பாட்டிக்கு அப்போது நடை பழகவில்லை. போனவர் திரும்பவில்லை. பாட்டியின் அம்மா சாகும்வரை மாலை ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அந்த லயத்தில் பல வீடுகளில் அதே கதை. “உன் நம்பிக்கை போதல, அதான் அவரு வரல” என்று அந்த அம்மாளிடம் சொல்லத் துணிந்தவர் எவருமில்லை. எப்படிச் சொல்வார்கள்? பக்கத்து வீட்டுக்காரியும் அதே ஜெபத்தைச் சொல்லிக்கொண்டு அதே வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாளே.

தோட்டத்துக் கோயிலுக்குச் சாமியார் மாதத்திற்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாள்களில் உபதேசியார் வீட்டு வாசலில் ஜெபமாலை. ஒருவருக்கு நோய் என்றால் அன்று மாலை ஜெபம் அந்த வீட்டு முன்னால் நடக்கும். பாட்டி இதைச் சொல்லும்போது நான் கவனித்தது, ஜெபம் முடிந்த பின் நடந்ததைத்தான். ஜெபமாலையைப் பைக்குள் போட்டதும் பெண்கள் கலைந்து போக மாட்டார்களாம். நாளைக்கு இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு யார் சோறு ஆக்குவது, தோட்டத்து டிரெசரிடம் யார் அழைத்துப் போவது, படுத்திருப்பவளின் நிரையை யார் யார் பகிர்ந்து வெட்டுவது என்று அங்கேயே முடிவாகும். அம்மன் கோயில் வீட்டுக்காரர்களும் அந்தப் பேச்சில் இருப்பார்கள். மறுநாள் விடியற்காலை பெரட்டுக்குப் போகும்போது ஒவ்வொருவருக்கும் தம் பங்கு தெரியும். பாட்டிக்கு அது இரண்டு வேலையாகத் தெரியவே இல்லை. “செபம் சொன்னா செய்யணும்ல” என்கிறார், மிகச் சாதாரணமாக.

1950களின் பிற்பகுதியில் தொடங்கிய தோட்டத் துண்டாடல், பின்னர் 1980, 90களில் ரப்பர் நிலங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியது ஆகியவை அந்த லயங்களைக் கலைத்தன. நம் மக்கள் அடுக்குமாடிகளுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் சிதறினர். ஜெபத்தைக் கையோடு எடுத்து வந்தோம். நிரையைப் பகிர்ந்து வெட்டிய அந்தக் கைகளை எடுத்து வர முடியவில்லை. இன்று நோய் என்று குழுவில் செய்தி போட்டால் ஐந்து நிமிடத்தில் கும்பிடும் கை நாற்பது வந்துவிடுகிறது. மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வண்டி கேட்டால் குழு அமைதியாகிவிடுகிறது. இந்தத் தனிமையில் இருப்பவரிடம் ஒரு மேல்மாடிக் கூட்டத்தில் ஒருவர் பெயரைக் கேட்டு, தோளில் கை வைத்து, “உங்களுக்காக அழுகிறேன்” என்றால் அவர் எதைத்தான் மேடையில் வைக்க மாட்டார்? அத்தை சுகத்தைத் தேடிப் போனதாக நான் முதலில் நினைத்தேன். அவரே ஒருநாள் சொன்னார்: “அங்கதான் பாப்பா என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க.”

அம்மாவின் கேள்விக்கு வருவோம். சாமியிடம் கேட்பதற்கும் ஊசி போடுவதற்கும் என்ன சண்டை? ஒரு சண்டையும் இல்லை. கத்தோலிக்கரின் வேதாகமத்திலுள்ள சீராக்கின் ஞான நூல், 38ஆம் அதிகாரத்தில், நோய் வந்தால் கடவுளிடம் மன்றாடு, பிறகு மருத்துவருக்கும் இடங்கொடு, அவரையும் படைத்தவர் கடவுளே என்னும் பொருளில் பேசுகிறது. பிற சபையினர் தங்கள் வேதாகமத்தில் அந்நூல் இல்லை என்பர். அவர்களுக்கு லூக்கா இருக்கிறார். அவர் மருத்துவர் என்று பவுலே எழுதியிருக்கிறார்.

லூர்து நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈப்போ சிலிபினில் தமிழர் திரளாகக் கூடும் ஆலயம் லூர்து மாதாவின் பெயரால் அமைந்ததுதான். பிரான்சிலுள்ள அந்த லூர்து நகரில் 1858இல் மாதா காட்சி தந்ததாக நம்பப்படுகிறது. அன்று முதல் குணமானதாகப் பதிவான கோரிக்கைகள் ஏழாயிரத்துக்கும் மேல். 1883இலேயே அங்கே மருத்துவக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. எந்த மதத்தைச் சேர்ந்த மருத்துவரும் அங்குள்ள ஆவணங்களை ஆராயலாம். இத்தனை ஆண்டுகளில் திருச்சபை புதுமை என்று ஏற்றுக்கொண்டவை எழுபதைச் சற்றே தாண்டும். புதுமையை நம்புகிற திருச்சபையே இவ்வளவு நிதானம் காட்டும்போது, ஒரே மாலையில் முப்பது பேரைக் குணமாக்கி மருந்தை வாங்கி வைக்கிறவரிடம் நாம் இரண்டு கேள்வியாவது கேட்க வேண்டாமா?

தமிழ் மண்ணில் ஜெபத்திலிருந்து மருத்துவமனையே பிறந்திருக்கிறது. ஐடா ஸ்கடர் அமெரிக்க மிஷனரிக் குடும்பத்துப் பெண். இந்தியாவில் தங்கவே கூடாது என்றிருந்தவர். திண்டிவனத்தில் ஓர் இரவு, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காக்க வேண்டி மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். அவருடைய தந்தை மருத்துவர். ஆனால், ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் மறுத்துத் திரும்பினர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவெல்லாம் அவர் உறங்காமல் மன்றாடியதாகச் சொல்வர். பொழுது விடிந்ததும் அவர் எடுத்த முடிவு, மருத்துவம் படிப்பது. 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் சிறிய அளவில் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்று நாம் வேலூர் சி.எம்.சி. என்று அழைப்பது அதைத்தான். அவருக்கும் முன்பே, 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். தமிழால் அறிவியல் சொல்ல முடியுமா என்று இன்னும் பட்டிமன்றம் நடத்துகிறோமே, அவரைப் பற்றி ஒரு சிறப்பு மலரே வெளியிடலாம். இவர்கள் இருவரும் முழங்காலில் நின்றவர்கள்தாம். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு நோயாளியிடம் போனவர்களும்கூட.

நம் வளாகத்துக்கு வருகிறேன். இங்குள்ள கிறிஸ்தவ மாணவர் கூடுகைகளில் வாரந்தோறும் ஜெபக் குறிப்புகள் கேட்பார்கள். தேர்வு, கல்விக் கடன், வீட்டில் நோய், அப்பாவுக்கு வேலை போனது. ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்து ஜெபிக்கிறோம். நல்ல பழக்கம். அதோடு அடுத்த வாரம் அந்தச் சீட்டைத் திருப்பிப் பார்க்கும் பழக்கமும் வேண்டும் என்று நான் சொல்லி வருகிறேன். கல்விக் கடன் பாரத்தை நிரப்பத் தெரியாமல் தவிக்கும் முதலாண்டு மாணவனுக்கு, அதே பாரத்தை நிரப்பிய மூத்த மாணவர் அந்த அறையிலேயே உட்கார்ந்திருப்பார். இருவரும் கண்ணை மூடி ஜெபித்துவிட்டு எதிரெதிர்த் திசையில் விடுதிக்குப் போனால் கடவுள் இன்னும் என்னதான் செய்வார்? அந்த ஜெபத்திற்கான விடையை அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்.

கேட்பதற்கு வெட்கப்படுவோரும் உண்டு. கடவுளிடம் கேட்பது மானம் கெடாத காரியம், மனிதரிடம் கேட்பது மானக்கேடு என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம். 2021இல் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், உணவில்லாத வீடுகள் வெள்ளைக் கொடி ஏற்றுங்கள் என்ற இயக்கம் நாடெங்கும் பரவியது நினைவிருக்கும். எங்கள் வரிசையில் ஒரு வீட்டு மாடியில் வெள்ளைத் தலையணை உறை ஒன்று கட்டப்பட்டது. ஒரு மணி நேரத்தில் மலாய்க்காரர் ஒருவர் அரிசி மூட்டையோடும், எதிர்வீட்டுச் சீன மூதாட்டி முட்டைத் தட்டோடும் வந்தனர். அந்த வீட்டு அம்மா பல நாள்களாக உள்ளே ஜெபித்துக்கொண்டுதான் இருந்தார். தலையணை உறையைக் கட்டியதும் அதே ஜெபத்தின் தொடர்ச்சி என்றே நான் எண்ணுகிறேன். என்னைப் பொறுத்தவரை அவர் விசுவாசம் குறைந்து கொடி கட்டவில்லை.

கிறிஸ்தவரல்லாத நண்பர்கள், “அப்படியானால் ஜெபம் எதற்கு? நேராக வேலையைச் செய்யலாமே” என்பர். நியாயமான கேள்விதான். அத்தையின் அறுவைச் சிகிச்சை நடந்த இரவு, கையொப்பமிட வேண்டியவற்றில் அப்பா கையொப்பமிட்டுவிட்டார். செய்வதற்கு எங்களிடம் அதன்பின் ஒன்றுமே இல்லை. மருத்துவர்கள் உள்ளே, நாங்கள் வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில். அந்த மூன்று மணி நேரத்தை எதைக்கொண்டு கடப்பது? பாட்டி ஜெபமாலையை எடுத்தார். எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெண்மணியின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. கையால் செய்வதற்கு இனி எதுவுமில்லை என்றாகும் இடம் எல்லார் வாழ்விலும் வரும். அங்கே ஜெபிக்கிறவரைப் பார்த்துச் சிரிக்கவும் கூடாது. அவர் ஜெபத்துக்கு மதிப்பெண் போடவும் கூடாது. இரண்டுமே எனக்கு ஒன்றுதான்.

அத்தை இப்போது ஊசியை விடுவதில்லை. காலை ஊசிக்கு முன் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்கிறார். அம்மா அதைப் பார்த்தும் பாராததுபோல் தேநீர் ஆற்றுகிறார். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழா ஜூலை 26ஐ ஒட்டி வரும். 1888இல் கட்டப்பட்ட பழைய கோயில் அங்கே இன்னும் நிற்கிறது. அவசரகாலத்தில் மூடிக் கிடந்த இடம் அது. நம் இந்து நண்பர்களும் ஆயிரக்கணக்கில் மெழுகுவர்த்தி ஏந்தி வரும் விழா. எங்கள் ஊரிலிருந்து பேருந்து ஏற்பாடு செய்கிறார்கள். அத்தைக்கு ஓரிடம் பதிந்தாகிவிட்டது. கூட்டத்தில் கால் மிதிபடாமலிருக்க முன்பக்கம் மூடிய காலணி ஒன்றும், இன்சுலின் கெடாமலிருக்கக் குளிர்ப்பை ஒன்றும் வாங்க வேண்டும். வாங்குவது என் பொறுப்பு.